நானூற்றுப் பன்னிரண்டு கெசம்

பேஸ்மென்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயதாகி, சொந்த வீட்டின் மேல்மாடியில் தூங்குகிற நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தரைக்குக் கீழே தூங்கினோம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் எங்கள் பேஸ்மென்டுக்கு ஒரே ஒரு சன்னல். அகலம் இருபத்தெட்டு அங்குலம், உயரம் பதினான்கு. நானே அடிமட்டம் வைத்து அளந்தேன். வெளியே பனி குவிந்தால் சன்னல் முழுவதும் மங்கலான நீலமாகிவிடும். பகலா மாலையா என்று தெரியாது. தூரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும்.

அதனால்தானோ என்னவோ, எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர் மாரியில் சனிக்கிழமை தோறும் நான் பார்த்த வெளி இன்றும் நடந்த காரியம் போலத் தோன்றுவதில்லை. நான் முப்பத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவள். திகதி, நேரம், வெயில், குளிர், வந்தவர், போனவர் எல்லாம் குறித்து வைப்பேன். அவற்றுள் முதலாவதாக எழுதிய கொப்பி மட்டும் என்னிடம் இல்லை. வீடு மாறியபோது தொலைந்துபோனது. ஆகவே கீழே வருவதை நினைவிலிருந்து எழுதுகிறேன். எண்கள் சரியாக இருக்கும். நிறங்களுக்கு நான் பொறுப்பல்ல.

அந்தப் பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அம்மாவுக்கும் எனக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. மாமாவின் அகதி வழக்கு மட்டும் விசாரணைக்கு வரவில்லை. வசந்தத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் மறுத்தால் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினாலும் சாமி கும்பிட்டாலும் அந்த ஒரு நினைப்போடுதான். சமையலறைக் குளிரூட்டியின் மேல் அம்மா அந்தோனியாரின் படம் ஒன்றை வைத்திருந்தார். குளிரூட்டி இயங்கும்போதெல்லாம் அந்தோனியார் மெல்ல நடுங்குவார்.

மாமா ஊரில் ஒரு நில அளவைக்காரரிடம் ஆறு வருடம் சங்கிலி பிடித்தவர். காணிகளை அளக்க இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு பற்றைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் நடக்கிற வேலை. அதற்குச் சான்றாகக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அந்த அலுவலகமே எரிந்துபோயிருந்தது. மிஞ்சியது கண் மட்டும். எதைப் பார்த்தாலும் கையை நீட்டி, கட்டை விரலை உயர்த்தி, இடக்கண்ணை மூடி, பிறகு வலக்கண்ணை மூடி, விரல் எவ்வளவு தாவுகிறது என்று பார்ப்பார். உடனே தூரத்தைச் சொல்லிவிடுவார். பஸ் தரிப்பிடம் அறுபத்திரண்டு கெசம். கடை வாசல் நூற்றிப்பத்து. நான் நடந்து எண்ணிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு செம்மறிப் பண்ணையில் மாமாவுக்கு வேலை. அந்த நாளில் வீடுகள் சட்டென்று முடிந்து வயல் தொடங்கிவிடும். அம்மா சனிக்கிழமைகளில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போவதால் என்னை வைத்துப் பார்க்க ஆள் இல்லை. மாமா தன் பழைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். காருக்குள் சூடு வராது. நாங்கள் விட்ட மூச்சு கண்ணாடியில் பூவாக உறையும். மாமா சுரண்டிச் சுரண்டி ஒரு கை அகலத்துக்கு வழி பார்த்து ஓட்டுவார்.

முதலாளி அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். பேச்சு மிகக் குறைவு. முதல் நாளே என்னிடம் வெளியே காட்டி, அந்த வேலியெல்லாம் தானும் தன் தகப்பனும் கட்டை கட்டையாக நட்டது என்று சொன்னார். நான் அதைக் கொப்பியில் எழுதவில்லை. அதில் எண் எதுவும் இருக்கவில்லை.

அந்த மாரியில் பண்ணைக்கு ஆடு பிடிக்கக் கயோட்டிகள் வரத் தொடங்கின. நாயும் நரியும் கலந்த மாதிரி, சாம்பலும் மஞ்சளுமான உடம்பு, எலும்பு தெரிகிற கால்கள். ஆட்டுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் அவை வரா. ஆகவே முதலாளி தொலைவிலிருந்து சுடுவார். கொட்டிலின் மேல்தட்டில் வைக்கோல் ஏற்றுகிற ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து வைத்து, ஒரு வைக்கோல் கட்டின் மேல் துவக்கைக் கிடத்தி, அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். துவக்கின் மேலே ஒரு நீளக் குழாய்க் கண்ணாடி. அதன் முதுகில் ஒரு சின்னத் திருகு. தூரம் எவ்வளவோ அந்த அளவுக்குத் திருகைத் திருப்ப வேண்டும். தூரம் பிழையானால் குண்டும் குறி தவறும்.

பக்கத்தில் மாமா தூரதரிசனிக் கண்ணாடியோடு. அவருக்குப் பக்கத்தில் நான் கொப்பியோடு.

வைக்கோல் வாசம், கம்பளிக் கொழுப்பின் வாசம், துவக்குக்குப் போடுகிற எண்ணெயின் வாசம், பிளாஸ்கில் ஆறிய கோப்பியின் வாசம். கீழே ஆடுகள் அசைபோடுகிற சத்தம் ஒரு கடல் போல ஓயாமல் கேட்கும். எதிரே வெள்ளை. வானம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. வேலிக் கட்டைகள் மட்டும் யாரோ பென்சிலால் குற்றிட்டுக்கொண்டே போனது போலச் சிறுத்துச் சிறுத்துப் போகும். கண்ணாடியை மாமா எனக்குத் தருவார். அந்த வட்டத்துக்குள் ஒரு கயோட்டி தலையைச் சாய்த்துப் பனிக்குக் கீழே எலி ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதன் மூச்சு புகையாகப் போவதுகூடத் தெரியும். அது மிக அருகில் நிற்கும். கண்ணாடியை இறக்கினால் ஒரு புள்ளிகூட இருக்காது.

முதல் சனிக்கிழமை முதலாளி கேட்டார், "எவ்வளவு தூரம்?"

மாமாவின் கட்டை விரல் எழுந்தது. "முந்நூற்று ஐம்பது," என்றார். முதலாளி யார்ட் என்பார், மாமா கெசம் என்பார். இரண்டும் ஒன்றுதான்.

டிக், டிக், டிக் என்று திருகு திரும்பியது. என் காதுகளை மாமா பொத்தினார். அந்த வெடி என் நெஞ்சுக்குள் கேட்டது. எங்கோ தொலைவில் அந்தப் புள்ளி சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. அடுத்த சனி முந்நூற்றுத் தொண்ணூறு. அதுவும் படுத்தது. சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கோது ஒவ்வொரு முறையும் வைக்கோலில் சூடாகக் கிடந்தது. இரண்டு முறையும் எடுத்துக் குளிர்ச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவை பையை நெடுநேரம் சூடாக வைத்திருந்தன.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் செத்தது பெரிதாகப் படவில்லை.

"தம்பி, நீ அதின்ர முகத்தைப் பாத்தனியோ?"

"பாக்காமல் என்னண்டு அளக்கிறது, அக்கா?"

"அப்ப கிழமைக்குக் கிழமை நரி முகத்தில முழிக்கிறாய் எண்டு சொல்லு. கேஸ் வெல்லத்தான் போறாய்."

"அது நரியில்லை அக்கா, கயோட்டி."

"இஞ்சத்தை நரிக்கு இஞ்சத்தைப் பேர். நீ பேசாமல் முழி." அந்தோனியாரைப் பார்த்து ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை.

பிறகுதான் எல்லாம் பிழையாய்ப் போனது. முதலாளிக்கு மாமாவின் கண்ணைப் பற்றிப் பெருமை. விசாரணைக்கு, வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்று வேண்டும் என்று மாமா கேட்டபோது, அவர் முகம் மலர்ந்து, "நல்லதாக எழுதுகிறேன். பீரங்கிப் படையில் இருந்தவனுக்கும் இப்படி ஒரு கண் இருக்காது என்று எழுதுகிறேன்," என்றாராம். மாமா அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அன்றைக்கு மாமாவின் வழக்குக் கோப்பைப் பார்க்க மொழிபெயர்ப்பாளர் அங்கிள் வந்திருந்தார். வழக்கறிஞரின் அலுவலகத்தில் எங்கள் ஆட்களுக்காகப் பேசுகிறவர் அவர். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உமக்கு என்ன விசரோ? அங்க முதல் கேக்கிற கேள்வி, துவக்குப் பிடிச்சனீரோ எண்டுதான். உமக்கு என்ன வயசு? இருபத்தேழு. எங்கயிருந்து வாறீர்? உப்பிடி ஒரு கடிதத்தோட போனால், எங்க பழகினனீர் எண்டு கேப்பினம். சங்கிலி பிடிச்சனான் எண்டால் ஆர் நம்புவினம்?"

அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் என் குளிர்ச் சட்டைப் பையைத் தடவி, இரண்டு கோதுகளையும் கண்டெடுத்து, ஈரக் கடதாசியில் சுற்றி, குப்பைப் பைக்குள் ஆழமாகப் புதைத்தார். நான் அழுதேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

"துவக்குப் பக்கம் போகமாட்டன் எண்டு முதலாளிக்குச் சொல்லுறன்," என்றார் மாமா.

"சொன்னால் வேலையும் போகும், கடிதமும் போகும்," என்றார் அங்கிள்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "போ. போய்ப் பிழையாச் சொல்லு. இரண்டு தரம் குருட்டுவாக்கில பட்டது எண்டு அந்த மனிசன் நினைக்கட்டும். அவையள் அப்பாவிச் சனம், கண்டுபிடிக்காதுகள்."

அப்படித்தான் மாமாவின் கண் அந்த மாரியில் கெட்டுப்போனது.

"எவ்வளவு தூரம்?"

"முந்நூற்று நாற்பது," என்று முதலாளிக்கு ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகத் தமிழில், "நானூற்றிருபது. எழுது பிள்ளை."

எதற்கு எழுத வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயால சொல்லுறது அவைக்கு. கொப்பி அளவைக்குரியது. அதில பிழை எழுதினால் என்ர அளவைக்கார வாத்தியார் அங்கயிருந்து வந்து என்ர காதைத் திருகுவார்."

நான் ஒழுங்கான பிள்ளை. பக்கத்தில் கோடு கீறிப் பிரித்தேன். முதல் நிரலில் திகதி. இரண்டாவதில் மாமா சொன்னது. மூன்றாவதில் உண்மை. நான்காவதில், அந்தக் கிழமை காணாமற்போன ஆடுகள்.

குண்டு இப்போதெல்லாம் கயோட்டிக்கு முன்னாலோ அப்பாலோ விழும். பனி ஒரு வெள்ளைப் பூவாக எழும்பி, மெல்லக் கலைந்து, காற்றோடு போகும். அந்தப் பூவை அது நிதானமாக முகர்ந்து பார்க்கும். அநேகமாக ஒரே கயோட்டிதான். இடது காது மடிந்த ஒன்று. பிறகு எங்களை நேராகப் பார்ப்பது போல ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் வேலிக்குக் கீழே நுழைந்து போகும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். மாமாவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். துவக்கு வெடிக்கும்போது முன்பு கண்ணை மூடியவர், இப்போது திறந்து வைத்திருந்தார்.

ஆனால் திங்கட்கிழமைகளில் மாமா தொழுவத்துக்குப் பின்னால் கிழிந்த கம்பளியைப் பொறுக்கிக்கொண்டு வந்து புதைப்பார். ஒரு கிடாய். பிறகு ஒரு தாயாடு. முதலாளி மாமாவைக் குறை சொல்லவில்லை. மாமாவை வேலையால் நிறுத்திவிடுவார் என்று அம்மா பயந்தார். நிறுத்தினால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் மாமா இல்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மாமா கீழே ஆட்டுக்குத் தண்ணீர் உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டியில் பனிக்கட்டியைக் கோடரியால் கொத்துகிற சத்தம் கேட்டது. மேல்தட்டில் முதலாளியும் நானும். நான் கொப்பியை வைக்கோல் கட்டில் வைத்துவிட்டுக் கையுறையைத் தேடினேன். திரும்பிப் பார்த்தபோது கொப்பி அவர் கையில் இருந்தது.

தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அது எனக்குப் பாதுகாப்பு என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் எண்களை நான் பள்ளிக்கூடத்தில் பழகிய மாதிரித்தான் எழுதியிருந்தேன். 410, 330. 300, 385. 340, 420. நிரை நிரையாக, அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகளுக்கு நடுவில், என் மிக அழகான கையெழுத்தில்.

அவர் விரலால் இரண்டாவது நிரலைத் தொட்டார். "இது உன் மாமா எனக்குச் சொன்னது." மூன்றாவதைத் தொட்டார். "இது?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆனால் என் வாய் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொன்னேன்: "மாமாவுக்கு விசாரணை வருகிறது. தூரம் தெரிந்தால் சண்டை பிடித்தவன் என்று நினைப்பார்களாம். திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மாமா சண்டை பிடிக்கவில்லை. காணி அளந்தவர்."

அவர் வெளியே வேலிக் கட்டைகளின் வரிசையைப் பார்த்தார். கீழே கோடரி கொத்திக்கொண்டே இருந்தது. பிறகு என் பென்சிலை வாங்கினார். கடைசி வரியில் நான் 420 என்று எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டினார். பக்கத்தில் 412 என்று எழுதினார். கொப்பியை மூடி என் மடியில் வைத்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் நடுங்கினேன். குளிரென்று நினைத்து மாமா தன் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினார். நான்தான் மாமாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அன்றிரவு அந்தோனியாருக்குச் சொன்னேன். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை. அதே வெள்ளை. அதே மடிந்த காது.

"எவ்வளவு தூரம்?" முதலாளி கேட்டார்.

"முந்நூற்று முப்பது."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கை திருகுக்குப் போனது. மாமா சொன்ன முந்நூற்று முப்பதில் நின்றது. வெடித்தது. பனிப்பூ எழும்பிக் கலைந்தது.

"மறுபடியும் தவறிவிட்டது," என்றார் முதலாளி, ஒரு சின்னப் பெருமூச்சோடு. மாமா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். பெரியவர்களுக்கு ஞாபகம் குறைவு, அவர் மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். அந்த வயதில் அது போதுமான விளக்கமாக இருந்தது. பிறகு ஈற்றுக்காலம் வந்தது. குட்டிகளும் போகத் தொடங்கின. நான்காவது நிரலை நான் ஒழுங்காக நிரப்பினேன்.

கடிதம் பங்குனி மாதம் வந்தது. மாமா உறையோடு கொண்டுவந்து என்னிடம் தந்தார். வீட்டில் ஆங்கிலம் ஓடுகிற ஆள் நான்தான். சாப்பாட்டு மேசையில் அம்மா, மாமா, அங்கிள் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கடின உழைப்பாளி. நேரம் தவறாதவன். விலங்குகளிடம் இரக்கமுள்ளவன். கடைசிப் பந்தி இதுதான்: "இந்த மாரி முழுவதும் இவனை என் துவக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இவனைப் போலத் தூரம் தெரியாத ஒருவனை நான் பார்த்ததில்லை. இவன் பேச்சைக் கேட்டுச் சுட்ட ஒவ்வொரு முறையும் தவறினேன். இவன் ஒருகாலமும் போர்வீரனாக இருந்திருக்க முடியாது."

அம்மா மேசையில் ஓங்கி அடித்தார். "நான் சொன்னனான்! சொன்னனானோ இல்லையோ?"

"நல்லா ஏமாந்துபோனார் மனிசன்," என்றார் மாமா. சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அங்கிள் கடிதத்தை வாங்கி, முத்திரைக்குத் தேடுகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தங்கச்சி, இதுக்கு மேல ஒரு கடிதம் இல்லை," என்றார் அம்மாவிடம். நான் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைக்குப் பசி என்று அம்மா எனக்கு ஒரு தோசை கூடப் போட்டார்.

விசாரணையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் மாமா அதைச் சொல்லாத கல்யாணவீடு இல்லை, பிறந்தநாள் இல்லை. கடிதத்தைப் படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கும் அந்தக் கதவுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாராம். பதினெட்டு அடி, மாமாவுக்குப் பார்த்தவுடனே தெரியும். "அறுபதடி, சேர்," என்றாராம். எழுதிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாளாம். ஆறு கிழமையில் அனுமதி வந்தது.

அதற்குப் பிறகும் மாமா மூன்று வருடம் அங்கே வேலை செய்தார். தூரம் மட்டும் சரியாகச் சொல்லவே இல்லை, ஒருமுறை சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. பிறகு முதலாளி காலமானார். செத்தவீட்டில் அவருடைய தங்கை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் அண்ணன் வாழ்க்கையில் ஒரு குறியும் தவறியதில்லை," என்றாராம். செத்தவர்களைப் பற்றி அப்படித்தானே சொல்வார்கள் என்று மாமா வீட்டில் வந்து சொன்னார். பண்ணை இருந்த இடத்தில் இப்போது ஒரே மாதிரியான வீடுகள். பல வருடங்கள் கழித்து நான் ஒருமுறை அங்கே காரை நிறுத்திவிட்டு நின்றேன். எந்தச் சந்தியில் கொட்டில் இருந்தது, எந்த வாசலில் அந்த மடிந்த காது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாமா இன்று மோர்னிங்சைட்டில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். போன மாதம் அவருடைய பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்து. அறுபதடிக் கதையை மறுபடி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சனம் கலைந்த பிறகு நானும் அவரும் பல்கனியில் நின்றோம். பின்னேர வெளிச்சம். கீழே ஓடைக்கரை மரங்களுக்கும் கார் தரிப்பிடத்துக்கும் நடுவில் சாம்பலும் மஞ்சளுமாக ஒன்று நடந்து வந்து நின்றது. இந்தப் பக்கம் அவை இப்போது சாதாரணம்.

மாமாவின் கை தானாக நீண்டது. கட்டை விரல் எழுந்தது. "நூற்றிப்பத்து," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப உண்மையைச் சொல்லலாம்தானே."

"மாமா," என்றேன். "அண்டைக்கு நீங்கள் நானூற்றிருபது எண்டு எழுதச் சொன்னது பிழை. அது நானூற்றிப் பன்னிரண்டு."

சிரிப்பு நின்றது. எட்டுக் கெசம் அவருக்குச் சின்னக் காரியம் அல்ல. "ஆர் அளந்தது?"

"அந்த வேலிக் கட்டையளை நட்டவர்."

நான் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். நிரல்களைப் பற்றி, பென்சிலைப் பற்றி, நான் சொன்ன வார்த்தைகளைப் பற்றி. அது கடிதத்துக்கு எத்தனை கிழமைக்கு முந்தியது என்றும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை. கீழே நின்றது தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஒவ்வொரு முறையும்," என்றார் கடைசியில், "தெரிஞ்சுகொண்டுதான் அந்தத் திருகைத் திருப்பினவர்."

"ஓம் மாமா."

"அந்த மாரியில எத்தினை ஆடு போனது?"

கொப்பி தொலைந்துபோனாலும் நான்காவது நிரல் எனக்கு மறக்கவில்லை.

"ஏழு."

"குட்டியளோட சேத்தோ?"

"குட்டியளோட சேத்து."

மாமா கட்டை விரலை மெல்ல மடக்கி, கையை இறக்கிக்கொண்டார்.